அறுபத்து நான்கு தட்டு

“தட்டு என்றால் அடியா, சாப்பாட்டுத் தட்டா? ஒரே வார்த்தையில் பதில் சொல்.”

டில்லியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிடத்தால் எங்கள் எதிர்வீட்டு சாலமன் அங்கிளின் கேட் பாஸ் இன்றுவரை ஒரு மேஜை டிராயரில் கிடக்கிறது. அவர் வேலைக்குப் போக முடியவில்லை. போலீஸ் வழக்கு வரலாம் என்றும் சொல்கிறார்கள். நான் அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

சாலமன் அங்கிளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை, சுரங்க வாயிலில் பித்தளை வில்லைகளை மாட்டி வைப்பது. கீழே இறங்குகிறவர் தன் எண் போட்ட வில்லையைக் கொடுத்துவிட்டு இறங்குவார். மேலே வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். ஷிப்ட் முடிந்த பிறகும் பலகையில் ஒரு வில்லை தொங்கினால், ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அங்கிள் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவருடைய நோட்டை யாராலும் மூட முடியவில்லை.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்குக் குடிவந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, கரண்ட் எப்போது போனது, முனைவீட்டு நாய் எத்தனை தடவை குரைத்தது எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். அவர் மனைவி டோரீன் ஆன்ட்டிக்கு இது பிடிக்காது.

“யோவ், நாய் கொலைச்சத எழுதி வெச்சி இன்னா பண்ணப் போற? அது கோர்ட்டுக்கா போவப் போவுது?”

“நாளைக்கி யாரும் கேட்டா சொல்லணும்ல, டோரீன்.”

“யாரு கேப்பாங்க? நாயா?”

பல வருடங்களாக யாரும் கேட்கவில்லை. போன வருடம்தான் முதல் தடவையாகக் கேட்டார்கள். அதுவும் இரண்டு பேர் ஒரே நாளில் கேட்டார்கள்.

அங்கிள் வேலை பார்த்தது மத்திய அரசின் விசாரணை அலுவலகம் ஒன்றில். அதன் முழுப் பெயர் ஒன்றரை வரி நீளம். எல்லோரும் சென்ட்ரல் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே காவலில் வைத்து விசாரிப்பதற்கு ஒரே ஒரு அறை இருந்தது. அந்த அறையைக் கூட்டுவது, உள்ளே இருப்பவருக்குச் சாப்பாடு கொடுப்பது, இரண்டும் அங்கிளின் வேலை. ஆனால் அவர் ஆபீஸ் ஆள் கிடையாது, கான்ட்ராக்ட் ஆள். ஆபீசில் கேட்டால் கம்பெனி ஆள் என்பார்கள். கம்பெனியில் கேட்டால் ஆபீஸ் ஆள் என்பார்கள்.

போன வருடம் அந்த அறைக்கு ஒரு பெரிய மனிதரைக் கொண்டுவந்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் ஒரு ஏரிக்கு நடுவில் நானூறு ஃபிளாட் விற்றவர். ஏரி அப்படியே இருந்தது. முன்பணம் கட்டியவர்களில் சிலர் தங்கள் வீட்டைப் பார்க்கப் பரிசலில் போய் வந்ததாகச் சொல்வார்கள். அவரைத் தெரியாத டிவி சேனல் கிடையாது. அதனால் காகிதங்களில் பெயரே வரக் கூடாது என்று சொல்லி அவருக்கு ‘காவல் நபர் எண் 1’ என்று பெயர் வைத்தார்கள். எண் 2 என்று யாரும் இல்லை.

எண் 1 வருவதற்கு முன்னாலேயே டில்லியிலிருந்து பன்னிரண்டு பக்க உத்தரவு வந்தது. அதன் சாரம் இரண்டே வரி. அவர் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அவருக்கு ஒரு சலுகையும் தரக் கூடாது. ஸ்டீல் தட்டில் சாப்பாடு கொடுத்தால் அதை வளைத்துக் கையைக் கிழித்துக்கொள்ளலாம், பீங்கான் கொடுத்தால் உடைக்கலாம் என்பதால், பேப்பர் தட்டு மட்டும் கொடுக்க வேண்டும் என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது.

பேப்பர் தட்டில் சாம்பார் சாதம் போட்டவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். தட்டு நடுவில் தொய்ந்து, சாம்பார் மடியில் வழியும். முதல் நாள் மதியமே அங்கிள் அதைப் புரிந்துகொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு வைத்துக் கொடுத்தார். காலையில் இட்லிக்கு ஒரு தட்டு போதும், சட்னி கெட்டி. மதியம் இரண்டு, ராத்திரிக்கு இரண்டு. ஆக, ஒரு நாளைக்கு ஐந்து தட்டு.

எண் 1 எப்படி நடத்தப்படுகிறார் என்பதற்கு ஒரு பதிவேடு இருந்தது. அதில் மூன்று பத்திகள்: அதிகாரியின் குறிப்பு, மருத்துவரின் குறிப்பு, உதவியாளரின் குறிப்பு. அதிகாரி முதல் நாள் தன் பத்தியை வெறுமையாக விட்டார். இரண்டாம் நாள் ‘டிட்டோ’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாளும் டிட்டோ. மருத்துவர் அதிகாரியைப் பார்த்து அப்படியே செய்தார். இப்படியாக ஒன்றுமில்லாததற்குப் பதினோரு நாள் டிட்டோ இருக்கிறது.

அங்கிளுக்கு டிட்டோ போடத் தெரியாது. ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். தன் பத்தியில் தமிழில் எழுதினார்: ‘காலை 8.10, ஒரு தட்டு கொடுத்தேன். மதியம் 1.05, இரண்டு தட்டு கொடுத்தேன். இரவு 7.40, இரண்டு தட்டு கொடுத்தேன்.’

அறையில் ஒரு கேமரா உண்டு. ஆனால் பதிவேட்டில் யாராவது பொய்யாகத் திருத்திவிடுவார்கள் என்று எண் 1-இன் வக்கீல் பயந்து மனுப் போட்டதால், கேமராவைப் பதிவேட்டின் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாளும் அந்தக் கேமரா, அங்கிள் குனிந்து எழுதுவதை மட்டும் படம் பிடித்தது. எண் 1 ஒரு நொடிகூட அதில் இல்லை.

ஏழாம் நாள் காலை எண் 1-இன் தொண்டையில் இட்லி அடைத்துக்கொண்டது. முகம் சிவந்து, பிறகு நீலமாகிவிட்டது. டியூட்டி அதிகாரி மருத்துவரை அழைக்க அனுமதி கேட்டு டில்லிக்கு போன் போட்டார். அங்கே எந்தப் படிவத்தில் அனுமதி வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் படிவம் தேடிக்கொண்டிருந்தபோது அங்கிள் உள்ளே போய், எண் 1-ஐக் குனிய வைத்து, முதுகில் நான்கு தட்டு தட்டினார். இட்லி வெளியே வந்தது. அங்கிள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எழுதினார்: ‘காலை 8.25. இட்லி அடைத்தது. முதுகில் நான்கு தட்டு கொடுத்தேன். இட்லி வந்தது.’

அதிகாரி அன்றைக்கும் டிட்டோ போட்டார்.

பன்னிரண்டாம் நாள் இரவு, சாப்பாடு முடிந்த கையோடு எண் 1 ஜாமீனில் போனார். மறுநாள் டிவியில் திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். இடது பக்கம் அவருடைய வக்கீல், என் கட்சிக்காரரைக் காவலில் அடித்தார்கள் என்றார். வலது பக்கம் ஒரு எதிர்க்கட்சிக்காரர், அவருக்கு ராஜ உபசாரம் நடந்தது, மூன்று கிலோ ஏறியிருக்கிறார் பாருங்கள் என்றார். ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டதாக யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக அரசாங்கம் இரண்டு விசாரணைக்கும் உத்தரவு போட்டது. அடித்தார்களா என்பதைக் கீழ்த்தளத்தில் விசாரிப்பார்கள். சலுகை கொடுத்தார்களா என்பதை அதே கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் விசாரிப்பார்கள். நடுவில் முதல் மாடியில் கேன்டீன்.

இரண்டுக்கும் ஒரே ஆதாரம்தான் இருந்தது, சாலமன் அங்கிளின் பத்தி. இரண்டு நோட்டீஸும் ஒரே தபாலில் வந்தன. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்து வரவும் என்று இரண்டிலும் இருந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான் புத்த விகாரையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டவள். செகண்ட் பி.யூ., அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பஸ் பாஸை வைத்துக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். டோரீன் ஆன்ட்டி வந்து என் கையைப் பிடித்தார்.

“மித்ரா, நீ போமா கூட. இந்த மனுசன் தனியா போனா அங்க இருக்கற ஃபேன் எத்தினி சுத்து சுத்துதுன்னு எழுதிக்கினு ஒக்காந்துருவான்.”

கீழ்த்தள அதிகாரியின் பெயர் ப்ரஹ்லாத். டில்லிக்காரர். ஹிந்தியும் இங்கிலீஷும் பேசுவார். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. நாங்கள் போவதற்கு முன்பே போனில் ஒரு மொழிபெயர்ப்பு ஆப்பில் ‘தட்டு’ என்று கேட்டிருக்கிறார். ஆப் ‘அடி’ என்று சொல்லியிருக்கிறது. உடனே ஒரு தாளில் ‘தட்டு என்றால் அடி’ என்று இங்கிலீஷில் டைப் செய்து, அதற்குச் சொற்பட்டியல் என்று தலைப்புப் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துவிட்டார். டைப் செய்தவர் ஸ்னேஹா என்கிற ஸ்டெனோ. பெங்களூர்க்காரர், தமிழ் நன்றாகவே தெரியும்.

“அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“தெரியும்மா. என்ன பண்றது? லிஸ்ட் சைன் ஆயிடுச்சு. நான் லிஸ்ட்படிதான் டைப் அடிக்கணும்.”

ப்ரஹ்லாத் சார் இங்கிலீஷில் கேட்டார், நான் அங்கிளுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு மனிதருக்கு எதற்காக ஒரே நேரத்தில் இரண்டு?

அங்கிளுக்குச் சந்தோஷம். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரோ விவரம் கேட்கிறார்கள். நாற்காலியில் முன்னால் வந்து உட்கார்ந்து கையால் காட்டினார்.

“ஒண்ணு பத்தாது சார். அதான் அடியில ஒரு தட்டு, மேல ஒரு தட்டு.”

ஸ்னேஹா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு லிஸ்ட்டைப் பார்த்தார். பிறகு டைப் செய்தார்: ‘ஓர் அடி போதவில்லை. எனவே கீழ்ப்புறத்தில் ஓர் அடியும் மேற்புறத்தில் ஓர் அடியும் கொடுத்ததாகச் சாட்சி ஒப்புக்கொண்டார்.’

காயம் எந்தெந்த இடத்தில் என்பதும் தெளிவாகிவிட்டது என்று ப்ரஹ்லாத் சார் திருப்தியாகச் சொன்னார். நான் எழுந்து, சார், இது தப்பு, தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டும்கூட என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அடியா, தட்டா, ஒரே வார்த்தை.

உள்ளே வரும்போதே என்னிடம் உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். பன்னிரண்டு நாளுக்கு அறுபது சாப்பாட்டுத் தட்டு. முதுகில் கொடுத்தது நான்கு. ‘தட்டு’ என்றால் அந்த நான்கு பொய்யாகும். ‘அடி’ என்றால் அறுபது பொய்யாகும். மேலும் அந்த நான்கும் அடியே கிடையாது. “இரண்டும், சார்” என்று தொடங்கினேன். அது இரண்டாவது வார்த்தைக்குப் போகிறது என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “ஒந்தே பத ஹேளம்மா” என்று ஸ்னேஹா அக்காவும் கன்னடத்தில் கெஞ்சினார், ஒரே சொல்தான் அந்தக் கட்டத்தில் பிடிக்குமாம். நான் ஊமையாக நின்றேன்.

‘மொழிபெயர்ப்பாளர் மறுக்கவில்லை’ என்று டைப் ஆனது.

மதியம் இரண்டாவது மாடி. அங்கே அதிகாரி அலர்மேல்மங்கை மேடம். மைசூர் ராஜ்ஜிய காலத்திலிருந்தே அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் அரசாங்க உத்தியோகமாம். எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

“எங்காத்துல தமிழ்தான் பேசறோம். படிக்கத்தான் யாருக்கும் வராது. நீ படிம்மா.”

நான் படித்தேன்.

“இதுல என்ன சந்தேகம்? தட்டுன்னா தட்டு.”

“கரெக்ட் மேடம்!” அங்கிள் எழுந்தே நின்றுவிட்டார். “கீழ ஒருத்தர் கீறாரு மேடம், அவருக்கு இது வெளங்கவே மாட்டேங்குது.”

“உக்காருங்கோ. ஒரு மனுஷனுக்குப் பன்னெண்டு நாள்ல அறுபத்து நாலு தட்டா? கல்யாணத்துல பிள்ளையாத்துக்காராளுக்குக்கூட இப்படிப் பரிமாற மாட்டா.”

“இல்ல மேடம், அறுவதுதான் சாப்பாடு. அந்த நாலு வந்து முதுகுல.”

“முதுகுல தட்டா?” மேடம் பேனாவைக் கடித்தபடி யோசித்தார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. “ஓஹோ. முதுகைச் சாய்ச்சுண்டு, படுத்தபடியே நாலு தட்டு சாப்பிட்டிருக்கான்!”

“மேடம், இட்லி மேடம்.”

“இட்லி வேறயா!”

அதுவும் பதிவானது.

டோரீன் ஆன்ட்டி அன்றைக்குச் சமைக்கவில்லை. கீழே எழுதியது நின்றால் அங்கிள் மேல் காயப்படுத்திய வழக்கு. மேலே எழுதியது நின்றால் வேலை நீக்கம். இரண்டும் நின்றால் இரண்டும். சொன்னால் கேட்கமாட்டார்கள், செய்து காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சிவாஜிநகரில் ஒரு கட்டு பேப்பர் தட்டு வாங்கினேன். அடுத்த விசாரணை நாளில் சாப்பாட்டு வேளையாகப் பார்த்துக் கேன்டீனில் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனோம். ப்ரஹ்லாத் சாருக்குப் பசி. செயல்முறை விளக்கம் என்றதும் சம்மதித்தார்.

அங்கிள் ஒரே ஒரு பேப்பர் தட்டில் சாதத்தைப் போட்டு அவர் கையில் கொடுத்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று எண்ணுவதற்குள் தட்டு தொய்ந்தது. சாம்பார் ஒரு பக்கமாக ஓடி அவர் பேண்டை நோக்கி வந்தது. அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

“சார், இன்னொரு தட்டு குடுக்கட்டுமா?” அங்கிள் பதறினார்.

“ஹான், ஹான், ஜல்தி தோ!”

அங்கிள் இரண்டாவது தட்டை அடியில் வைத்தார். சாதம் பிழைத்தது. ப்ரஹ்லாத் சார் நிதானமாக ஒரு வாய் சாப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்போது ஸ்னேஹா அக்காவின் பிரின்டரிலிருந்து தாள் வந்தது: ‘மேலும் ஓர் அடி கொடுக்கலாமா எனச் சாட்சி கேட்டார். ஆம், சீக்கிரம் கொடு என விசாரணை அதிகாரி கேட்டுக்கொண்டார். சாட்சி கொடுத்தார். அதிகாரி தொடர்ந்து உணவருந்தினார்.’

இதை அழி என்று அவர் கத்தினார். பொறுப்புடைமை விதிப்படி பதிவான எதையும் அழிக்க முடியாது என்று ஸ்னேஹா அக்கா விதி எண்ணைச் சொன்னார். வெகுநேரம் யோசித்து ப்ரஹ்லாத் சார் ஓர் அடிக்குறிப்பு எழுதினார்: ‘இந்த இடத்தில் மட்டும் தட்டு என்றால் தட்டு.’

“சார், அப்ப மத்த இடத்துலயும் அப்படித்தானே?” என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் வருத்தமாகவே பதில் சொன்னார். முடிவு போன திங்கட்கிழமையே டில்லிக்குப் போய்விட்டதாம். விசாரணைதான் பாக்கியாம்.

இரண்டு அறிக்கையும் வெளிவந்தன. ஒன்றில் அறுபத்து நான்கு அடி. இன்னொன்றில் அறுபத்து நான்கு தட்டு. அரசாங்கம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. அடியாக இருந்தாலும் தவறு, தட்டாக இருந்தாலும் தவறு, எப்படிப் பார்த்தாலும் பொறுப்பு யாருடையது என்று நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று செய்தித் தொடர்பாளர் சொன்னார். அங்கிளின் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிட்டோ போட்ட அதிகாரியின் பத்தியில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இரண்டு அறிக்கையும் பாராட்டின. அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

“எழுதாதவன்லாம் ஏசி ரூம்ல கீறான். எழுதுனவன் வூட்ல குந்திக்கினு கீறான்” என்று டோரீன் ஆன்ட்டி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “இப்பவாவது அந்த நோட்ட கொளுத்துயா!”

அங்கிள் கொளுத்தவில்லை. தினமும் காலையில் எழுதுகிறார்: ‘இன்றும் கேட் பாஸ் வரவில்லை.’ நேற்றுவரை நூற்றுப் பதினெட்டு தடவை எழுதியிருக்கிறார். ஒரு நாள் நான், அங்கிள், டிட்டோ போடுங்களேன் என்றேன்.

“அது எப்டிமா? நேத்து வராதது வேற, இன்னிக்கி வராதது வேற.”

இப்போது இரண்டு அறிக்கைகளையும் ஒன்றுசேர்க்க மூன்றாவதாக ஒரு குழு போட்டிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த பத்துப் பேரை அவர்களே தேர்ந்தெடுத்து, போனில் கூப்பிட்டு, தட்டு என்றால் என்ன என்று கேட்கப் போகிறார்கள். பத்தில் பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. அந்தப் பத்துப் பேர் யார் என்பது ரகசியம். அந்தப் பத்துப் பேருக்கே தெரியாத அளவுக்கு ரகசியம் என்று ஸ்னேஹா அக்கா சொன்னார்.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதினேன். போன் உங்களுக்கு வரலாம். உங்கள் மச்சானுக்கு வரலாம், ஹோசூரில் இருக்கும் உங்கள் சித்திக்கு வரலாம். ஒரே வார்த்தையில் சொல் என்பார்கள். தயவுசெய்து ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள். அறுபது தட்டு, சாப்பாட்டுத் தட்டு. நான்கு தட்டு, இட்லி வெளியே வருவதற்காக முதுகில் கொடுத்தது. இதைச் சொல்லி முடித்துவிட்டு, போனை வைப்பதற்குள் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: அதிகாரியின் பத்தியில் முதல் நாள் என்ன எழுதியிருக்கிறது?

எந்தப் பத்துப் பேர் என்று தெரியாததால், தமிழ் தெரிந்த எல்லோருக்கும் இது போய்ச் சேர்ந்தாக வேண்டும். படித்தவர்கள் இன்னொருவருக்கு அனுப்புங்கள். படிக்க வராதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.